பீருக்குக் கடை, கள்ளுக்கு வழக்கு!

பீர்னா என்னன்னு கேட்ட நண்பர்களுக்கு: பார்லியை முளைகட்டி, உலர்த்தி, கொதிக்கவைத்து, ஹாப்ஸ் பூவும் ஈஸ்ட்டும் சேர்த்துப் புளிக்கவிட்டால் பீர். குளிரில் மெதுவாகப் புளித்தால் லாகர், வெதுவெதுப்பில் சீக்கிரம் புளித்தால் ஏல். அவ்வளவுதான்.

எங்க ராமநாதபுரம் பனைக்கு இந்தப் பாடெல்லாம் கிடையாது. கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் பதநீர். தடவாவிட்டால் தானாகவே புளித்துக் கள். போதையும் கிட்டத்தட்ட சாதாரண பீர் அளவுதான்.

ஆனால் தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை. 2003 முதல் அரசே டாஸ்மாக்கில் பீரும் பிராந்தியும் விற்கிறது! கலப்படம் வரும் என்கிறார்கள். கலப்படக்காரனைப் பிடியுங்கள், பனையேறியை ஏன் பிடிக்கிறீர்கள்? பக்கத்துக் கேரளாவில் கள்ளுக்கடைக்கு உரிமமே தருகிறார்களே!

யாரையும் குடிக்கச் சொல்லவில்லை. பனைக்கு மாநில மரம்னு பட்டம் கொடுத்துவிட்டு, ஏறுகிறவன் மேல் வழக்குப் போடுவது என்ன நியாயம்? சொல்லுங்க மக்களே.