கண்ணை மட்டும் விட்டுவிடுங்கள்

பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வரும் தகப்பனார் பலர் இன்றும் நம்மிடம் சொல்லும் வார்த்தை இதுதான்: "கண்ணை மட்டும் விட்டுவிட்டு மற்ற இடமெல்லாம் தோலை உரித்துவிடுங்கள், ஸார்!" பக்கத்தில் நிற்கும் சிறுவன் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் விழிக்கிறான்.

திண்ணைப் பள்ளிக்கூடத்துக் கோதண்டம் ஒழிந்தது. சிறுவரைக் கயிற்றில் தொங்கவிடும் தண்டனைக்கு இராமபிரானின் வில்லின் பெயரையல்லவா சூட்டியிருந்தார்கள்! 2009-ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு, பள்ளியில் உடலை வருத்துவதையும் மனத்தை வருத்துவதையும் ஒருங்கே விலக்கிவிட்டது. பிரம்பைக் கீழே வைத்த நம்மவர் சிலர் நாவைக் கையாளுகிறார்கள். "நீ மாடு மேய்க்கத்தான் லாயக்கு" என்பதும் அச்சட்டத்துக்கு விரோதமே.

வீட்டுக்குள் அப்பிரிவு நுழைவதில்லை. ஸ்வீடன் தேசத்தார் 1979-இல் வீட்டிலும் அடிக்கலாகாதென்று விதித்தார்கள். அவ்விதியை மீறினவருக்கென்று தனித் தண்டனை எதுவும் அதில் இல்லை. பால் அட்டைப் பெட்டிகளின்மேல் செய்தியை அச்சிட்டுச் சாப்பாட்டு மேஜைக்கே அனுப்பிவைத்தார்கள்.

இங்கோ, இரவில் அடி வாங்கிய பிள்ளை காலையில் கணக்கு வகுப்பில் உட்கார்ந்திருக்கிறான். அவன் பார்வை கரும்பலகையில் இல்லை, நம் கையின்மேல் இருக்கிறது. எழுதுவதற்காக நாம் கையை உயர்த்தினால், முதல் வரிசையிலிருக்கும் அவன் தோளைக் குறுக்கிக்கொள்கிறான்.