தலையெழுத்தா, தெருவெழுத்தா?

பிறப்பும் இறப்பும் ஆண்டவன் கையில் என்கிறது வைதீகம். தோழர்களே, அந்தப் பிறப்பையும் இறப்பையும் எண்ணிப் பார்த்தவர்கள் கண்டது என்ன?

இங்கிலாந்திலே மாதாகோயில் ஏடுகள் ஞானஸ்நானத்தையும் அடக்கத்தையுமே குறித்துவந்தன. 1837 ஜூலை முதல் அரசுப் பதிவாளர் பிறப்பையும் இறப்பையும் குறிக்கலானார். கணக்கு, பாதிரியின் கையிலிருந்து மக்கள் கைக்கு வந்தது.

அந்நாட்டிலே யார்க் என்றொரு நகரம். பேராலயம் வானளாவ நிற்கும் ஊர், மணியோசைக்குப் பஞ்சமில்லை. அங்கே 1899-இல் தொழிலாளர் வீடுகள்தோறும் விவரம் திரட்டினார் சீபோம் ரவுண்ட்ரி. 1901-இல் நூலாக வெளியிட்டார். இறப்புக் கணக்கைப் பகுதி பகுதியாகப் பிரித்துக் காட்டினார். பிறந்த ஆயிரம் குழந்தைகளில் ஓராண்டு நிறையுமுன் மாண்டவை, பரம ஏழைகளின் பகுதியிலே 247. சற்றே மேலான தொழிலாளர் பகுதியிலே 184. நல்ல கூலி பெற்றோர் பகுதியிலே 173. வேலையாள் வைத்து வாழ்ந்த வீடுகளிலே 94!

ஒரே நகரம், ஒரே ஆலயம், ஒரே ஆண்டவன். ஏழையின் தெருவிலே நான்கில் ஒரு பிள்ளை பிணமாயிற்று. செல்வர் வீட்டிலே பத்தில் ஒன்றுகூட இல்லை. தலையில் எழுதுகிறவன் தெருவைப் பார்த்தா எழுதுகிறான் என்று கேட்கிறோம்.

காரணம் வானத்தில் இல்லை. ஐவர் கொண்ட குடும்பம் உடல் நலத்தோடு பிழைத்திருக்க மட்டுமே வாரம் 21 ஷில்லிங் 8 பென்ஸ் வேண்டும் என்று கணக்கிட்டார் ரவுண்ட்ரி. பயிற்சியற்ற தொழிலாளி பெற்றதோ 18 முதல் 21 ஷில்லிங். நெருக்கடியான வீடு, பலருக்கும் பொதுவாக ஒரே குழாய், நாறும் கழிப்பிடம். குறைந்த கூலி போட்ட கணக்கை விதியின் தலையில் சுமத்துவது யாருக்கு ஆதாயம்?

"ஏழை வீட்டில் பிறந்ததே முற்பிறவிப் பயன்" என்பார் வைதீகர். அவருக்கு ஹடர்ஸ்பீல்டு நகரைக் காட்டுகிறோம். 1904-இல் அதன் மேயரான பெஞ்சமின் பிராட்பென்ட், லாங்வுட் பகுதியிலே பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும், ஓராண்டு நிறைந்தால் ஒரு பவுன் தருவதாக அறிவித்தார். பெண்கள் வீடு தேடிச் சென்று தாய்மார்க்குக் குழந்தை வளர்க்கும் முறையை எடுத்துரைத்தனர். சாவு வெகுவாகக் குறைந்தது. ஒரு மேயரின் முயற்சிக்கே கலைந்துபோகும் கருமப் பயன், கருமப் பயனா? பிறப்பை உடனே அறிவித்தால்தானே உதவி உடனே சேரும்? அதற்கென 1907-இல் நாடு தழுவிய சட்டம் பிறந்தது. 1915-இல் அது கட்டாயமாயிற்று.

நம் வீடுகளிலே பிள்ளை பிறந்த நாழிகையைத் தவறாமல் குறிக்கிறார்கள், சாதகம் எழுத! அந்த ஓலை எந்தத் தெருவிலே எத்தனை பிள்ளை செத்தது என்று என்றேனும் சொன்னதுண்டா? சொல்வது பதிவேடு. இளைஞர்களே, நட்சத்திரம் கேட்டுச் சோதிடனிடம் போகாதீர்! உங்கள் ஊரின் பிறப்பு இறப்புக் கணக்கைத் தெருவாரியாகக் கேளுங்கள். எண் கூடிய தெருவுக்கு நீரும் மருத்துவமும் நேரிய கூலியும் வரும்வரை கேட்டுக்கொண்டே இருங்கள்!