அத்திவாரத்தின் கீழே ஊரின் நீர்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் காணி வாங்கிக் கடைத்தொகுதியோ ஹோட்டலோ கட்ட முற்படுவோர் உறுதியைப் பார்க்கின்றனர். வீதியின் அகலத்தைப் பார்க்கின்றனர். பரப்பின் விலையைப் பார்க்கின்றனர். நிலத்தின் கீழே எத்தனை அடியில் நீர் நிற்கின்றது, அதைத் தாங்கும் பாறை எத்தகையது என்று பார்ப்போர் மிகச் சிலரே. இந்த அசட்டை இனியும் தொடர்தல் ஆகாது.

குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லை. வழுக்கையாறும் மாரியில் மட்டுமே ஓடுவது. மழை தந்த நீரைச் சேமித்து வைத்திருப்பது மயோசீன் காலச் சுண்ணாம்புக்கல். மழைநீர் நெடுங்காலம் கரைத்தமையால் அக்கல்லில் வெடிப்புகளும் குகைகளும் நிறைந்துள்ளன. நிலாவரைக் கிணறே இதற்குச் சாட்சி. மணல் நீரை வடிகட்டும். வெடித்த கல் வடிகட்டாது. ஒரு வளவில் விட்ட கழிவு அயல்வளவுக் கிணற்றை அடைய வேலி தடையாகாது.

சுன்னாகம் இப்பாடத்தை எமக்குக் கற்பித்தது. மின்நிலைய வளவிலிருந்து கசிந்த எண்ணெய் அயற்கிணறுகளிற் கலந்தது. பாதிக்கப்பட்ட மக்களுக்குத் தனியார் மின் உற்பத்தி நிறுவனம் 2 கோடி ரூபா நட்டஈடு வழங்க வேண்டுமென 2019 ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நட்டஈட்டை நீதிமன்றம் வாங்கித் தரலாம். கெட்டுப்போன நீரை எந்த நீதிமன்றமும் மீட்டுத் தர இயலாது.

ஆழத்தின் கணக்கு இன்னும் கடுமையானது. கரையோர நிலங்களில் நன்னீர் உவர்நீரின் மேல் மிதக்கின்றது. கடல் மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நன்னீர் இருக்கும் என்பது நீரியலார் கண்ட விதி. மேலே ஓரடி குறையுமாயின், காலப்போக்கில் கீழிருந்து உவர் 40 அடி எழும். ஒரு கட்டிடத்தின் குழாய்க்கிணறு அளவின்றி இழுப்பது அக்காணியின் நீரை மட்டுமன்று; வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் பயிரிடும் கமக்காரனின் நீரையுமேயாகும்.

கட்டிடங்கள் எழவேண்டாம் என நாம் கூறவில்லை. எழுமுன் நிலத்தைக் கேளுங்கள் என்கிறோம். துளையிட்டுப் பாறையை ஆராய்ந்து, மாரியிலும் கோடையிலும் நீர்மட்டத்தை அளந்த அறிக்கையின்றி எந்த உள்ளூராட்சிச் சபையும் அனுமதி வழங்கலாகாது. மலக்குழி கசியாத தொட்டியாக அமைதல் வேண்டும். இறைக்கும் நீருக்கு வரம்பு வேண்டும். அறிக்கை பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படல் வேண்டும்.

பொறியியலாளர்களே, நிலத்தை ஆராயாத வரைபடத்திற் கையொப்பம் இடாதீர். சட்டத்தரணிகளே, அயற்கிணற்றுக்காக வாதாட முன்வாரீர். கமக்காரர்களே, உங்கள் கிணற்று நீர்மட்டத்தை மாதந்தோறும் அளந்து குறித்து வையுங்கள். நாளை நீதி கேட்கும்போது அக்குறிப்பே உங்கள் சாட்சி. காணி ஒருவருடையதாகலாம், அதன் கீழுள்ள நீர் ஊருடையது.