படலைக்கு வெளியே யார் செலவு?

மன்னாரில் வீடு கட்டக் கொடுக்கும் பணம் படலையோடு நின்றுவிடுகிறது. 2012 அக்டோபரில் தொடங்கிய இந்திய வீட்டுத்திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில் பயனாளி ஒருவருக்கு ஐந்தரை இலட்சம் ரூபா. அத்திவாரம், சுவர், கூரை என்று வேலை ஏற ஏற, அது தவணை தவணையாக அவர் வங்கிக் கணக்குக்கே வந்தது. சொந்தக்காரரே நின்று கட்டுவிக்கும் அந்த முறை நல்ல முறைதான். ஆனால் உள்ளக வீதிக்கும் மதகுக்கும் வடிகாலுக்கும் குடிநீர்க் குழாய்க்கும் அந்த ஐந்தரை இலட்சத்துக்குள் இடமில்லை.

2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி வந்தது. அருவி ஆறு பெருகித் தாழ்நிலக் கிராமங்கள் நீரில் நின்றன. முழுதாக அழிந்த வீட்டுக்கு அரசாங்கம் அறிவித்தது 50 இலட்சம். அன்றைய ரூபாவும் இன்றைய ரூபாவும் ஒன்றல்ல என்பது தெரியும். ஆனாலும் கணக்கு அன்றுபோலவே, வீடு ஒன்றுக்கு இவ்வளவு என்றுதான் போடப்படுகிறது. வெள்ளம் நின்ற அதே மட்டத்தில் புது வீடு எழும்பினால் அந்த 50 இலட்சத்தில் எவ்வளவு மிஞ்சும்?

மன்னார்த் தீவுப் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். மண் மணல், மாரியில் நிலத்தடி நீர் கிட்டத்தட்டக் காலடிக்கு வந்துவிடும். பத்துப் பேர்ச் துண்டு சதுரமாக இருந்தால் பக்கத்துக்குப் பதினாறு மீற்றர்தான் வரும். அதற்குள் வீடு, கிணறு, மலசலகூடக் குழி எல்லாம் அடங்க வேண்டும். வேலிக்கு அப்பால் அயலவரின் கிணறு. குழியைக் கிணற்றிலிருந்து தள்ளி வைப்பதற்காகவே பெரிய காணி தேட வேண்டியிருக்கிறது. முருங்கன் பக்கத்து நிலத்தடி நீர் குழாயில் வாசலுக்கு வந்துவிட்டால் குடிநீர்க் கிணறு அந்தக் கணக்கிலிருந்து விழுந்துவிடும். இரண்டு வீடு நின்ற நிலத்தில் மூன்று நிற்கும். நீர்க்குழாய்க்குப் போடும் பணம் காணிச் செலவைக் குறைக்கும் பணம் என்பதை நம் மதிப்பீட்டுத் தாள்கள் இன்னும் எழுதப் பழகவில்லை. காணித் தேவை கூடியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 1990இல் வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் இருபது வருடம் கழித்துத் திரும்பிய முசலிக் குடும்பங்கள் பல, போனபோது ஒன்றாகவும் வந்தபோது இரண்டு மூன்றாகவும் இருந்தன. காணி மட்டும் அதே காணி.

மன்னாருக்குப் பெரிய பணம் வராமல் இல்லை. ஜப்பான் உதவியில் 2010இல் புதுப் பாலம், 2015இல் தலைமன்னாருக்கு மீண்டும் ரயில், ஆசிய அபிவிருத்தி வங்கிக் கடனில் 2020 டிசம்பரில் தம்பபவனி காற்றாலை. மூன்றும் வேண்டியவையே. ஆனால் அவற்றின் பயனை அளந்தவர்கள் பயண நேரத்தையும் மெகாவாட்டையும் கொண்டு அளந்தார்கள். இதனால் எத்தனை வீட்டு நிலம் திறந்தது என்று கேட்கும் நிரல் அந்த அட்டவணைகளில் இருப்பதில்லை.

இங்கிலாந்து 2017இல் 230 கோடி பவுண் வீடமைப்பு உட்கட்டமைப்பு நிதியைத் திறந்தபோது அந்தக் கேள்வியைத்தான் முதலில் வைத்தது. வீதியோ குழாயோ கேட்கும் உள்ளூராட்சி, அதனால் எழும்பும் வீடுகளின் எண்ணிக்கையைக் காட்ட வேண்டும். அவ்வளவு பணம் நம்மிடம் இல்லை, ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்கப் பணம் வேண்டியதில்லை.

வடிகாலுக்குத் தனிச் சொந்தக்காரர் இல்லாததுதான் இங்கே பெரிய சிக்கல். பிரதான வீதி வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு, ஒழுங்கை பிரதேச சபைக்கு, குழாய் நீர் வழங்கல் சபைக்கு. வீதிக்கு ஒவ்வொரு தரம் கிரவல் கொட்டி உயர்த்தும்போதும் பக்கத்து வளவு ஒரு படி தாழ்கிறது. அந்த நீர் எங்கே போகும் என்பது யாருடைய கோவையிலும் இல்லை. வீட்டு ஒதுக்கீட்டில் ஒரு பங்கைக் குடியிருப்பின் பெயரில், பிரதேச சபையின் தனிக் கணக்கில், வீட்டு வேலை தொடங்க முன்னரே விடுவிக்க வேண்டும் என்பது நமது நிலைப்பாடு. அதற்காக முதல் வருடம் வீட்டு எண்ணிக்கை குறைந்தாலும் குறையட்டும்.

அடுத்த முன்மொழிவை மாவட்டச் செயலகத்துக்கு அனுப்பும் உறுப்பினர்கள் பயனாளிப் பட்டியலுக்கு முன்னால் நில மட்ட வரைபடத்தை இணையுங்கள். திருப்பி அனுப்பினால் காரணத்தை எழுத்தில் வாங்குங்கள். இந்தப் பக்கத்திலேயே வெளியிடுகிறோம்.