யார் போட்ட துண்டு?

பஸ் வந்து நிற்பதற்குள் சன்னல் வழியே துண்டை வீசி இடம் பிடிக்கும் வித்தையை நம் தோழர்களுக்கு எவரும் கற்றுத்தர வேண்டியதில்லை. திருவிழாக் கூட்டத்திலே, கடைசி பஸ்ஸிலே, அந்த ஒரு முழத் துண்டுதான் பட்டா, அதுதான் பத்திரம். "துண்டு போட்டிருக்கிறது, தெரியவில்லையா?" என்று ஒருவர் கேட்க, "துண்டுக்கு டிக்கெட் வாங்கினீரா?" என்று மற்றவர் கேட்க, கடைசியில் கண்டக்டர் வந்து தீர்த்துவைக்கும் வழக்குகள்தான் எத்தனை!

இதே துண்டு, கடல் கடந்து, மத்தியதரைக் கடலோரத்தில் இரண்டு பெரிய நாட்டு மக்களின் பகைக்கே சின்னமாக விளங்குகிறது என்றால் நகைப்பாகத்தான் இருக்கும். ஆனால் உண்மை அதுதான். ஸ்பெயினின் மயோர்க்கா தீவிலும், கிரேக்கத்தின் ரோட்ஸ் தீவிலும், துருக்கியின் அந்தால்யா கரையிலும் கோடை விடுமுறையைக் கழிக்க இலட்சக்கணக்கானோர் வந்து குவிகிறார்கள். அங்குள்ள விடுதிகளில் விடியும் முன்பே எழுந்து, நீச்சல் குளத்தருகே கிடக்கும் சாய்வு நாற்காலிகளின் மீது துண்டை விரித்துவிட்டு, மறுபடியும் போய்ப் படுத்துக்கொள்பவர்கள் ஜெர்மானியர்கள் என்பது ஆங்கிலேயரின் நெடுநாளைய புகார். லண்டன் பத்திரிகைகள் சில, ஆண்டு தவறாமல் இதை எழுதுகின்றன; அதுவும் உலகப்போர்க் காலத்துச் சொற்களைத் தேடியெடுத்து எழுதுகின்றன. ஜெர்மானியர் சும்மா இருப்பார்களா? குடித்துவிட்டு நள்ளிரவில் கூச்சலிடுபவன் எவன் என்று அவர்கள் திருப்பிக் கேட்கிறார்கள். ஆங்கிலேயரில் மிகப் பலருக்கு ஜெர்மன் மொழி தெரியாது. ஆகவே சண்டை முறைப்பிலும் முணுமுணுப்பிலும் நடக்கிறது.

உல்லாச விடுதிச் சண்டைக்கு உழைப்பாளியின் ஏட்டில் இடமா என்று கேட்கும் தோழர்களுக்கு ஒரு சொல். அந்த நாற்காலியில் படுத்திருப்பவர் பிரபுவும் அல்லர், கோடீசுவரரும் அல்லர். கோடீசுவரர் தனிக்கப்பலில் தனித்தீவுக்குப் போய்விடுகிறார். இங்கே துண்டு போடுபவர் லாரி ஓட்டுபவர். ஆஸ்பத்திரியில் தாதியாக இருப்பவர். ஆலையில் ஷிப்ட் பார்ப்பவர். ஆண்டில் இரண்டு வாரம் கடலைப் பார்க்கலாம் என்று மற்ற ஐம்பது வாரமும் பணம் சேர்த்தவர்.

அந்த இரண்டு வாரமும் எவரும் இனாமாகக் கொடுத்ததல்ல. 1936-ஆம் ஆண்டு ஜூன் மாதம் பிரெஞ்சுத் தொழிலாளர்கள் ஆலைகளுக்குள்ளேயே உட்கார்ந்து வேலைநிறுத்தம் செய்தனர். லியோன் ப்ளூம் தலைமையில் அமைந்த மக்கள் முன்னணி சர்க்கார், ஆண்டுக்கு இரண்டு வாரம் சம்பளத்துடன் விடுமுறை என்று சட்டம் இயற்றியது. பிரான்சின் பல தொழிலாளர் குடும்பங்கள் கடலை முதன்முதலாகக் கண்டது அந்தக் கோடையில்தான். அதே ஆண்டில் சர்வதேசத் தொழில் ஸ்தாபனமும் சம்பள விடுமுறைக்கு ஓர் ஒப்பந்தம் செய்தது. பிரிட்டனில் 1938-ல் சட்டம் வந்தது.

அதே 1936-ல் ஹிட்லர் ஆட்சியும் ஒரு கடற்கரை விடுதியைக் கட்டத் தொடங்கியது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1933-லேயே தொழிற்சங்கங்களை நசுக்கிவிட்டு, அதற்கு ஈடாகத் தொழிலாளிக்குக் கேளிக்கை காட்டப் புறப்பட்ட ஆட்சி அது. ரூகன் தீவில், பிரோரா என்ற இடத்தில், ஒரே சமயத்தில் 20,000 பேர் தங்குமளவுக்குக் கட்டடங்கள் எழும்பின. அங்கே மொழிச் சிக்கல் எழவே எழாது. ஒரே இனத்தாருக்குத்தானே இடம்! போர் மூண்டது. ஒரு விருந்தினர்கூடத் தங்காமல் அந்தக் கட்டடங்கள் அரைகுறையாக நின்றுபோயின.

சரி, துண்டுக்கு வருவோம். பஸ்ஸில் துண்டு ஏன் விழுகிறது? ஐம்பது பேர் உட்காரும் வண்டிக்கு நூறு பேர் காத்திருப்பதால் விழுகிறது. எல்லோருக்கும் இடமிருந்தால் எவர் துண்டை வீசுவார்? விடுதியிலும் கணக்கு அதேதான். அறைகளை நிரப்பிக் காசு வாங்கத் தெரிந்த முதலாளி, அறைகளுக்கு ஏற்ற அளவில் நாற்காலி வாங்கிப் போடுவதில்லை. போட்ட நாற்காலிகளுக்கும் ஒழுங்கு வைப்பதில்லை. பற்றாக்குறையை உண்டாக்குபவர் ஒருவர். அதற்காக முறைத்துக்கொள்பவர்கள் வேறு இருவர்.

இது நமது கற்பனையல்ல. ஜெர்மனியின் ஹனோவர் நகர நீதிமன்றம் 2023 டிசம்பரில் சொன்ன தீர்ப்பைப் பாருங்கள். ரோட்ஸ் தீவு விடுதியொன்றுக்கு 5,000 யூரோவுக்கு மேல் கொடுத்துக் குடும்பத்தோடு போனவர் தொடுத்த வழக்கு அது. அரைமணி நேரத்துக்கு மேல் துண்டு போட்டு இடம் பிடிக்கக் கூடாது என்று அந்த விடுதியிலேயே விதி உண்டு. ஆனால் அதை நடைமுறைப்படுத்த எவரும் இல்லை. விருந்தினருக்கெல்லாம் எந்நேரமும் நாற்காலி தரவேண்டியதில்லை. ஆனால் விருந்தினர் தொகைக்குத் தக்க அளவில் நாற்காலி கிடைக்க வேண்டும், விதியை மீறுவோரைத் தடுக்க ஏற்பாடு இருக்க வேண்டும் என்றது நீதிமன்றம். பயணத்தை ஏற்பாடு செய்த கம்பெனி 300 யூரோவுக்குச் சற்று அதிகமாகத் திருப்பித் தரவேண்டும் என்றும் உத்தரவாயிற்று. துண்டு போட்டவர் எந்த நாட்டவர் என்பதில் நீதிமன்றத்துக்கு அக்கறையில்லை. பொறுப்பு எவருடையது என்றுதான் பார்த்தது.

பற்றாக்குறையைப் போக்குவதற்குப் பதில் அதையே சரக்காக்கி விற்றவர்களும் உண்டு. தாமஸ் குக் என்ற பிரிட்டிஷ் பயணக் கம்பெனி 2018-ல் ஒரு திட்டம் கொண்டுவந்தது. சுமார் 25 யூரோ கட்டினால், ஊரிலிருந்து புறப்படும் முன்பே உங்கள் நாற்காலி உங்கள் பெயரில் எழுதப்பட்டுவிடும்! துண்டு போடும் உரிமைக்கே விலை. மறு ஆண்டு செப்டம்பரில் அந்தக் கம்பெனி திவாலாயிற்று. வெளிநாடுகளில் சிக்கிக்கொண்ட சுமார் 1,50,000 பிரிட்டிஷாரைப் பிரிட்டிஷ் அதிகாரிகள் விமானம் ஏற்பாடு செய்து அழைத்துவர நேர்ந்தது. (1841-ல் அந்தக் கம்பெனியின் மூலவர் நடத்திய முதல் ரயில் பயணம், மதுவிலக்குப் பிரசாரக் கூட்டத்துக்கு ஆள் கொண்டுசென்ற பயணம். இன்றைய விடுதிகளின் மதுக்கடையை அவர் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ!)

அப்படியானால் மொழி, பழக்கவழக்கம் இவற்றால் வரும் தடை வெறும் பொய்யா? இல்லை. அது இருக்கத்தான் செய்கிறது. பல்கேரியாவில் பரிமாறுபவர் தலையை மேலும் கீழும் அசைத்தால் "இல்லை" என்று பொருள். பக்கவாட்டில் ஆட்டினால் "ஆம்". கருங்கடலோரத்துக்கு வந்த எத்தனையோ பேர், வேண்டாத பதார்த்தத்தைப் பெற்றும் வேண்டியதை இழந்தும் இதைக் கற்றிருக்கிறார்கள். நம் ஊர்த் தலையாட்டலும் வெளிநாட்டாருக்கு இப்படித்தான். ஆமா இல்லையா என்று தெரியாமல் விழிப்பார்கள். ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் நீராவிக் குளியலறைக்குள் ஆணும் பெண்ணும் உடையின்றி நுழைவது சாதாரண வழக்கம். உடையோடு நுழைவதுதான் அங்கே அசுத்தம். ஆங்கிலேயருக்கோ அது மானக்கேடு. பிரான்சின் பல நீச்சல் குளங்களில் தொளதொளத்த கால்சட்டையோடு இறங்க விடமாட்டார்கள். உடலோடு ஒட்டிய உடைதான் வேண்டும், அதுவே சுகாதாரம் என்பார்கள். எவருக்கு எது மானம், எது சுத்தம் என்பது ஊருக்கு ஊர் வேறு. அவரவர் தம் ஊர் வழக்கமே உலக வழக்கம் என்று எண்ணிக்கொண்டு வருகிறார்கள்.

ஸ்பெயினில் சாப்பாட்டு மணியிலும் தகராறு உண்டு. ஆங்கிலேயரும் ஜெர்மானியரும் மாலை ஆறரை, ஏழுக்கே தட்டோடு நிற்கிறார்கள். ஸ்பானியருக்கு இரவு ஒன்பதுக்கு மேல்தான் பசி. பாதிக் குற்றம் கடிகாரத்துடையது. சூரியன் கணக்கில் பிரிட்டனோடு ஒட்டியிருக்கும் அந்த நாட்டில், 1940-ல் சர்வாதிகாரி பிராங்கோ கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளி, பெர்லின் நேரத்தோடு சேர்த்துவைத்தார். அது இன்னும் திரும்பவில்லை.

இவையெல்லாம் ஒரு வாரம் பக்கத்தில் இருந்து பழகினால் சிரித்துத் தீர்ந்துபோகும் வேற்றுமைகள். ஆனால் பழகவிடும் ஏற்பாடு எங்கே இருக்கிறது? மயோர்க்காவில் பால்மா வளைகுடாவின் ஒரு பக்கம் அரெனால். அங்கே கடைப் பலகை முதல் பீர் வரை ஜெர்மன். மறுபக்கம் மகலூப், அங்கே காலைச் சாப்பாடு முதல் கால்பந்து ஆட்டம் வரை ஆங்கிலம். பயணக் கம்பெனிகள் விமானத்தையும் அறைகளையும் மொத்தமாகப் பிடித்து, ஒரு நாட்டாரை ஓரிடத்தில் கொண்டுவந்து கொட்டுகின்றன. சரக்கை வகைவாரியாகப் பிரித்து அடுக்குவது போன்ற வேலை அது. அந்தால்யாவில் ரஷ்யரைக் கவர மாஸ்கோவின் கிரெம்ளின் மாளிகையைப் போலவே ஒரு விடுதி கட்டியிருக்கிறார்கள். வெளிநாடு பார்க்க வந்தவர் சொந்த நாட்டுக் கோபுரத்தின் நிழலில் குளிக்கிறார்!

மொழிதான் மதில் என்போருக்கு ஒரு கேள்வி. ஒரே மொழி பேசியவர்கள் நடுவே மதில் எப்படி வந்தது?

ஜெர்மனி இரண்டாகப் பிரிந்திருந்த நாட்களில், ஹங்கேரியின் பாலத்தோன் ஏரிக்கரைக்கும் பல்கேரியக் கடற்கரைக்கும் கிழக்கு ஜெர்மானியரும் வந்தனர், மேற்கு ஜெர்மானியரும் வந்தனர். பிரிந்த குடும்பங்கள் சந்தித்துக்கொள்ள அதுதான் இடம். அண்ணன் கிழக்கே, தம்பி மேற்கே. நடுவில் ஏரிக்கரைக் கூடாரம். பேச்சு ஒன்று, தாலாட்டு ஒன்று. ஆனால் தம்பியின் பையில் மேற்கத்திய மார்க் இருந்தது. அதைக் கண்டால் ஓட்டல் கதவு தானே திறந்தது. அண்ணனுக்கோ இத்தனை நாளைக்கு இவ்வளவுதான் என்று அளந்து மாற்றித்தந்த பணம். டப்பாவில் அடைத்த உணவை ஊரிலிருந்தே சுமந்து வந்தார். உழைப்பாளியின் ராஜ்யங்கள் என்று பெயர் வைத்துக்கொண்ட நாடுகளில்தான் இது நடந்தது என்பதை மறைப்பதற்கில்லை. போதாக்குறைக்கு, கிழக்கு ஜெர்மனியின் உளவுப் போலீசார் அந்தக் கரையிலும் நடமாடி, யார் யாரோடு பேசினார்கள் என்று குறிப்பெடுத்தனர்.

அந்தால்யாவில் ரஷ்யரும் உக்ரேனியரும் ஒரே விடுதியில் விடுமுறை கழித்த காலம் உண்டு. உக்ரேனியரில் மிகப் பலருக்கு ரஷ்ய மொழி நன்றாகத் தெரியும். 2022 பிப்ரவரியில் ரஷ்யப் படை உக்ரேனுக்குள் புகுந்த பிறகு, அவர்கள் எதிரெதிர் மேசையில் உட்கார நேர்ந்தால் பேசாதிருப்பது மொழி புரியாததாலா?

மதிலை உடைக்க முயன்றவர்களும் இருந்தார்கள். 1950-ல் ஜெரார் ப்ளிட்ஸ் என்ற பெல்ஜியர் மயோர்க்காவின் அல்கூதியாவில் கூடாரமடித்து ஒரு விடுமுறை முகாம் தொடங்கினார். அதுதான் பின்னாளில் புகழ்பெற்ற கிளப் மெட். அங்கே பட்டம் பதவி சொல்லக்கூடாது. பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். பிரெஞ்சிலும் நம்மைப் போல "நீ" என்றும் "நீங்கள்" என்றும் இரண்டு உண்டு. முகாமில் எல்லோரும் "நீ". பிற்பாடு பணப்பைக்குப் பதில் கழுத்தில் மணிமாலை. ஒரு பானத்துக்குச் சில மணிகளைக் கழற்றிக் கொடுத்தால் போதும். டாக்டர் யார், தட்டெழுத்தாளர் யார் என்று தெரியாமல் எல்லோரும் ஒரே மேசையில் சாப்பிட்டனர். நல்ல காரியம்தான், மறுக்கவில்லை. ஆனால் சமைத்தவரும் துடைத்தவரும் அந்த மேசையில் இல்லை. விருந்தினருக்கு ஒரு பெயர், விளையாட்டுக் காட்டுவோருக்கு ஒரு பெயர், ஊழியருக்கு வேறொரு பெயர் என்று அங்கேயும் வரிசை வந்துவிட்டது. மணிமாலையும் காசு கொடுத்து வாங்கிய மாலைதானே! 2015 முதல் அந்த நிறுவனம் சீன முதலாளிகளின் கையில் இருக்கிறது.

உண்மையில், இந்த விடுதிகளில் மொழித் தடையைத் தினந்தோறும் தாண்டுபவர் ஒருவர் இருக்கிறார். அவர் விருந்தினர் அல்லர், தட்டு எடுப்பவர். ஜெர்மானியருக்கு ஜெர்மனில் வணக்கம், ரஷ்யருக்கு ரஷ்யனில் பதில், ஆங்கிலேயருக்கு ஆங்கிலத்தில் மன்னிப்பு, சமையற்கட்டுக்குள் போனால் துருக்கி. நான்கு மொழி தெரிந்த அவருக்கு, ஒரு மொழி மட்டுமே தெரிந்தவரைக் காட்டிலும் சம்பளம் குறைவு! குளிர்காலம் வந்து விடுதி மூடினால், கற்ற மொழிகளோடு வீட்டில் உட்கார வேண்டியவர் அவர்.

2015 நவம்பரில் சிரிய எல்லையருகே துருக்கி ரஷ்யப் போர்விமானமொன்றைச் சுட்டு வீழ்த்தியது. ரஷ்ய சர்க்கார் துருக்கிக்கு உல்லாசப் பயணம் விற்பதைத் தடுத்தது. அந்த ஆண்டு சுமார் 36 இலட்சம் ரஷ்யர் துருக்கிக்கு வந்திருந்தனர். மறு ஆண்டு 9 இலட்சத்துக்கும் குறைவு. அந்தால்யாவில் பல விடுதிகள் கதவடைத்தன, விற்பனைக்கு வந்தன. ரஷ்யன் கற்றவருக்கு அந்தக் கல்வி ஒரே வாரத்தில் பயனற்றுப் போயிற்று. இரு நாட்டுத் தலைவர்களும் 2016 கோடையில் சமாதானமானார்கள்; கூட்டம் திரும்பிற்று. 2024-ல் ரஷ்யரும் ஜெர்மானியரும் தனித்தனியே 60 இலட்சத்துக்கு மேல் துருக்கிக்கு வந்தனர். இடையில் போன கூலியை அந்தச் சிப்பந்திக்கு எவர் திருப்பித் தந்தார்?

மயோர்க்காவில் அறை துடைக்கும் பெண்களின் கதை இன்னும் கவனிக்கத் தக்கது. உள்ளூர்ப் பெண்களோடு தென் அமெரிக்காவிலிருந்தும் மொராக்கோவிலிருந்தும் கிழக்கு ஐரோப்பாவிலிருந்தும் வந்தவர்கள் ஸ்பெயினின் விடுதிகளில் இந்த வேலை செய்கிறார்கள். கான்ட்ராக்டர் வழியாக வேலைக்கு அமர்த்தப்பட்டோருக்கு ஓர் அறைக்கு இரண்டு யூரோ அளவில்கூடக் கூலி தரப்படுகிறது என்று அவர்கள் வெளிப்படையாகச் சொன்னார்கள். சென்ற பத்தாண்டின் நடுவில் "லாஸ் கெல்லீஸ்" என்ற பெயரில் திரண்டார்கள். "துப்புரவு செய்யும் பெண்கள்" என்று பொருள்படும் ஸ்பானியச் சொற்களைச் சுருக்கி, விளையாட்டாகவே வைத்துக்கொண்ட பெயர் அது. விரிப்பு மாற்றக் குனிந்து, மெத்தையைத் தூக்கி, முதுகெலும்பு தேய்கிறது. வலிக்கு மாத்திரை தின்றுதான் வேலைக்கு வருகிறோம் என்றார்கள். தொழிற்சங்கங்களும் பேசின. மயோர்க்கா அடங்கிய பலேயாரிக் தீவுகளின் சட்டமன்றம் 2022-ல் இயற்றிய சுற்றுலாச் சட்டத்தில், விடுதிக் கட்டில்கள் உயர்த்தி இறக்கும் பொறியோடு இருக்க வேண்டும் என்ற விதி சேர்க்கப்பட்டது. காலையில் கீழே நாற்காலிக்காகத் துண்டோடு ஓடும் விருந்தினருக்கு, தாம் எழுந்துபோன கட்டில் அறைக்குள் இடுப்புயரத்துக்கு மேலெழும்புவது தெரியாது.