தகடு தாங்காத துணுக்கு

விண்வெளியில் வினாடிக்கு ஏழு கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் மோதும் உலோகத் துணுக்கின் முன் எஃகும் அலுமினியமும் தம் வலிமையை இழந்துவிடுகின்றன. மோதிய இடத்தில் எழும் அதிர்வலை தகட்டின் பின்புறத்தை எட்டியதும் இழுவிசையாக மாறித் திரும்புகிறது. அந்த இழுப்பில் பின்புற உலோகம் ஏடுஏடாகப் பெயர்ந்து தெறிக்கிறது. துணுக்கும் தகடும் நொறுங்கி, உருகி, முகிலாக விரிகின்றன.

இச்சிதைவையே அரணாக்கும் வழியை 1947-இல் முன்வைத்தவர் அமெரிக்க வானியலறிஞர் பிரெட் விப்பிள். கலத்தின் சுவருக்கு முன்னே இடைவெளி விட்டு மெல்லிய தகடொன்றை நிறுத்தினால், துணுக்கு அதில் மோதித் தூளாகும். பரந்து விழும் தூளைச் சுவர் தாங்கிக்கொள்ளும். பன்னாட்டு விண்வெளி நிலையத்தை இன்றும் காப்பது இம்முறையே. ஆனால் வேகம் வினாடிக்கு மூன்று கிலோமீட்டர் அளவுக்குக் குறைந்தால் துணுக்கு உடையாமலே உட்சுவரைத் தாக்கக்கூடும். ஒரு சென்டிமீட்டரை விஞ்சியவற்றைத் தடுக்கும் ஆற்றலும் இவ்வரணுக்கு இல்லை. பத்து சென்டிமீட்டருக்கு மேற்பட்டவற்றை ராடாரில் கண்டு நிலையம் விலகலாம். இடைப்பட்டவற்றுக்கோ விலக்கமும் இல்லை, தடுப்பும் இல்லை.

அத்தகைய துணுக்குகளை அரசுகளே தெரிந்து தூவியது பெருங்கொடுமை. 2007-இல் சீனா தன் பழைய வானிலைச் செயற்கைக்கோளைத் தகர்த்தது. கண்காணிக்கத்தக்க சிதறல்கள் மட்டும் மூவாயிரத்துக்கு மேல். 2021 நவம்பரில் ரஷ்யா தன் காஸ்மாஸ் 1408 செயற்கைக்கோளை உடைத்தபோது, நிலையத்தில் இருந்தோர், ரஷ்ய வீரர்கள் உட்பட, தத்தம் கலங்களுக்குள் ஒதுங்க நேர்ந்தது. 2019 மார்ச்சில் நம் நாடும் செயற்கைக்கோளைத் தகர்க்கும் இச்சோதனையைச் செய்தது. ஏறத்தாழ 300 கிலோமீட்டர் என்னும் தாழ்ந்த உயரத்தைத் தேர்ந்தது பொறுப்புணர்வே. ஆயினும் சில துண்டுகள் நிலையத்தின் பாதைக்கும் மேலே வீசப்பட்டன என்பதை மறைப்பதற்கில்லை.

இத்தகைய சோதனைகளைக் கைவிடுமாறு 2022 டிசம்பரில் ஐ.நா. பொதுப்பேரவை தீர்மானம் இயற்றியபோது 155 நாடுகள் ஆதரித்தன. இந்தியா வாக்களியாது விலகி நின்றது. சட்டப்படி கட்டுப்படுத்தும் உடன்படிக்கையே வேண்டும் என்ற நம் நிலைப்பாடு நேர்மையானதுதான். ஆனால் அதற்காக வாதாடும் நாடு, தானே முந்தி உறுதியளிப்பதற்கு என்ன தடை? 2030-க்குள் குப்பையற்ற விண்பயணம் என்று இஸ்ரோ இலக்கு வகுத்திருக்கிறது. நம் வீரர்களை விண்ணுக்கு அனுப்பவும் ஆயத்தமாகிறது. செயற்கைக்கோளைத் தகர்க்கும் சோதனையை இனி நடத்தோம் என அமெரிக்கா 2022 ஏப்ரலில் அறிவித்தது. அதே உறுதியை நடுவண் அரசு தாமதமின்றி நாடாளுமன்றத்தில் அளிக்க வேண்டும்.