தணிகையில் தணியாத கோபம்

சூரனையும் அவன் கூட்டத்தையும் வென்ற பிறகு முருகப் பெருமான் சினம் தணிந்து அமர்ந்த தலம் திருத்தணிகை என்பது ஐதிகம். அப்பேர்ப்பட்ட ஊரில், மலையடிவாரத்து வீடு ஒன்றில், ஒரு கண்ணாடித் தொட்டிக்குள் மட்டும் கோபம் தணியவில்லை. அந்தக் கதையைத்தான் இந்த வாரம் சொல்லப் போகிறேன்.

சென்ற மாதம் 365 படிகளையும் ஏறி இறங்கிய களைப்போடு நண்பர் ஒருவரின் வீட்டுக்குப் போயிருந்தேன். கூடத்தில் பெரிய தொட்டி. அதில் ஒரே ஒரு மீன். உள்ளங்கையைவிடப் பெரியது, கரிய உடம்பிலே நெருப்புத் தீற்றல்கள், வாலடியில் கண்ணைப் போல் ஒரு வட்டம். அமேஸான் நதியில் பிறந்து உலகமெங்கும் கண்ணாடித் தொட்டிகளுக்குக் குடியேறிவிட்ட ‘ஆஸ்கர்’ என்னும் ஜாதி. சிறு மீன்களை அப்படியே விழுங்கிவிடும்.

“இரண்டு இருந்தன, ஸார்” என்றார் நண்பர். “மூன்று அங்குலக் குஞ்சுகளாகச் சென்னையில் வாங்கினேன். ஆணும் பெண்ணும் சரியான ஜோடி என்று கடைக்காரர் சத்தியம் செய்யாத குறை. ஒரு வருஷம் ஒற்றுமையாகத்தான் இருந்தன. அப்புறம் ஒன்று மற்றொன்றை ஓட ஓட விரட்டி, ஒரு நாள் காலையில்...” அவர் வாக்கியத்தை முடிக்கவில்லை.

அவருடைய எட்டு வயதுப் பெண் என்னை நிமிர்ந்து பார்த்து, “மாமா, மிச்சம் இருக்கிறது அப்பாவா, அம்மாவா?” என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. ஊர் திரும்பியதும் விஷயத்தை விசாரிக்கத் தொடங்கினேன்.

மயிலையும் சிங்கத்தையும் பார்த்துப் பழகிய நமக்கு, ஆண் என்றால் தோகையோ பிடரியோ இருந்தாக வேண்டும் என்று ஓர் எண்ணம். கப்பி போன்ற சின்ன மீன்களில் அது உண்மையே. ஆண் வர்ண வாலை விரித்து ஆடும், பெண் சாதாரணமாக இருக்கும். ஆனால் ஆஸ்கர் போன்ற வேட்டை மீன்களில் தாயும் தகப்பனும் சேர்ந்து முட்டையைக் காவல் காக்கின்றன. வேலை ஒன்றானபடியால் வேஷமும் ஒன்றே போலும்! நிறத்தைக் கொண்டோ பருமனைக் கொண்டோ சொல்லுவதெல்லாம் குருட்டு ஜோசியம். முட்டையிடும் சமயத்தில் மட்டும் வயிற்றின் அடியில் ஒரு சிறு குழல் வெளிப்படும். அது மெலிந்து கூராயிருந்தால் ஆண். பருத்து முனை மழுங்கியிருந்தால் பெண். அவ்வளவுதான் அடையாளம். மூன்று அங்குலக் குஞ்சிலே ஆண் பெண் பார்த்துச் சொல்ல வேண்டுமானால் பிரம்மதேவனே கடை வைக்க வேண்டும்!

இதிலே இன்னொரு வேடிக்கை உண்டு. சில சமயம் இரண்டு பெண் மீன்களே ஜோடி சேர்ந்து முட்டையிட்டுக் காவலும் காக்கும். முட்டைகள் வெளுத்துப் பூசணம் பிடித்த பிறகுதான் வீட்டுக்காரருக்குச் சங்கதி விளங்கும்.

வேறு சில மீன்களிடமோ “ஆணா, பெண்ணா?” என்று கேட்டால் போதாது, “இப்போது என்ன?” என்று கேட்க வேண்டும். நம் கடற்கரைக் கழிமுகங்களில் வாழும் கொடுவா மூன்று நான்கு வயதில் ஆணாகப் பருவமடைகிறது. இன்னும் சில வருஷங்கள் சென்றதும் பெண்ணாக மாறிவிடுகிறது. களவா மீனில் இது தலைகீழ்: முதலில் பெண், பிறகு ஆண். சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையத்தார் 1997-இல் கொடுவாவைக் காப்பிலே வைத்து முட்டையிடச் செய்தார்கள். அத்தகைய நிபுணர்களும் முகத்தைப் பார்த்து ஆண் பெண் சொல்லுவதில்லை. வயிற்றை மெல்ல அமுக்கினால் பால் போன்ற விந்து வருகிறதா என்று பார்ப்பார்கள். மெல்லிய குழாயைச் செலுத்தி முட்டை இருக்கிறதா என்று சோதிப்பார்கள்.

அமேஸானும் கடலும் இருக்கட்டும். நம் ஏரிக்கே வருவோம். 1960 ஏப்ரல் வரையில் ஆந்திராவின் சித்தூர் ஜில்லாவைச் சேர்ந்திருந்த திருத்தணிப் பிரதேசத்தில் தமிழும் தெலுங்கும் கலந்து வழங்கும். நாம் விரால் என்பதைத் தெலுங்கர் கொர்ரமீனு என்பார்கள். அதுவும் கொடிய வேட்டைக்காரன். அதிலும் ஆண் பெண் வித்தியாசம் லேசில் தெரியாது. மழைக்காலத்தில் வயிறு பருத்து, துவாரம் உருண்டு சிவந்திருந்தால் பெண். உடல் ஒடுங்கி, துவாரம் வெளுத்திருந்தால் ஆண். செடிகளை விலக்கி இடம் செய்து முட்டையிடும். முட்டைகள் நீரின் மேல் மிதக்கும். ஓரிரு நாளில் பொரிந்த குஞ்சுகள் வளர்ந்து, செந்நிறக் கூட்டமாக மேலே திரியும். அவற்றின் கீழே, கண்ணுக்குத் தெரியாமல், பெரிய விரால் காவலிருக்கும்; அநேகமாக அது தகப்பன்தான்.

அந்தச் செந்நிறக் கூட்டத்தைக் கண்டவுடன் தூண்டிலில் தவளையைக் கோத்து வீசுகிறவர்கள் உண்டு. குஞ்சைக் காக்கப் பாய்ந்து வரும் மீன் சுலபமாக அகப்பட்டுக்கொள்ளும். ஒரு வேளைக் குழம்பு கிடைக்கிறது. ஆயிரக்கணக்கான குஞ்சுகள் அநாதையாகி மற்ற மீன்களுக்கு இரையாகின்றன. ‘வெறும் மூர்க்கன்’ என்று நாம் நினைக்கும் மீன் பிள்ளைப் பாசத்தினாலேயே பிடிபடுகிறது என்பதை எண்ணினால், குஞ்சு திரியும் நாட்களிலாவது தூண்டிலைச் சுவரில் சாத்தி வைக்கலாம் என்று தோன்றுகிறது.

வேட்டை மீனை ஜோடியாக வளர்க்க ஆசைப்படும் நேயர்களுக்கு அனுபவசாலிகள் சொல்லும் வழி ஒன்றுதான். ஐந்தாறு குஞ்சுகளை விசாலமான தொட்டியில் ஒன்றாக வளருங்கள். பருவம் வந்ததும் அவையே துணையைத் தேர்ந்துகொள்ளும். மற்றவற்றை உடனே வேறு தொட்டிக்கு மாற்றுங்கள். நாமாகப் பொருத்தம் பார்த்து நடத்தும் கல்யாணம் மீனுக்குச் செல்லாது.

இவ்வளவையும் எழுதி, “மிச்சம் இருப்பது அப்பாவா, அம்மாவா என்பது அந்த மீனுக்குத்தான் தெரியும், இன்னொன்றை வாங்கி அதனோடு விட்டுவிடாதீர்கள்” என்று நண்பருக்குக் கடிதம் போட்டேன். குழந்தை தன் கைப்படப் பதில் எழுதியிருந்தாள்: “அது தனியாகவே இருக்கட்டும், மாமா. நான் தினம் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிறேன். இப்போது அதற்குக் கோபமே வருவதில்லை.”

தணிகை என்ற பெயர் வீண் போகவில்லை.